இரண்டாகப் பிரித்த தொட்டி

அனெசினா, கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் இருபது வருஷம் கணக்குப் போட்டவள். தண்ணீர்த் தொட்டிச் சுவர் எவ்வளவு கனம் இருந்தால் தாங்கும் என்பதுதான் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபோது எங்கள் தீவுக்கு வந்தாள். அம்மா போன பிறகும் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டாள்.

அண்ணன் யாகோவோஸும் தம்பி ஸானிஸும் சொத்துப் பிரித்தபோது எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. அத்திமரம், கழுதை, கடைசியில் வீட்டுக்கடியில் இருக்கும் மழைநீர்த் தொட்டி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி அதையும் பிரித்தார்கள். அனெசினாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தினம் ஒவ்வொரு வாளி. அன்றோடு அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சில்லை. எல்லாம் இவள் மூலம்தான்.

பதினோரு வருஷம் கழித்து ஓர் ஆகஸ்டில் பிள்ளைகுட்டிக்காரன் ஸானிஸின் பக்கம் வறண்டுபோனது. கஞ்சன் யாகோவோஸின் பக்கம் மூன்று மீட்டர் ஆழம் அப்படியே நின்றது. சுவரில் விரிசல் கசிந்தது.

"என் தண்ணியத் திருடுறான். அவனே இறங்கிப் பூசணும்னு சொல்லு" என்றான் யாகோவோஸ்.

அனெசினா தம்பியிடம் ஓடினாள். "இறங்காதடா. நாலு மீட்டர் நீளச் சுவர், அவன் தண்ணி அதைப் பதினெட்டு டன் தள்ளுது."

"அவன் பக்கம் என்ன கடலா? கட்டில் போட அகலமில்லாத தொட்டி!"

"கடலே நின்னாலும் இதே தள்ளுதான்டா. ஆழம்தான் கணக்கு."

அவன் சிரித்தான். அண்ணனிடம் போனாள். "பாதியப் பீப்பாய்ல எறைச்சு வைண்ணா. மட்டம் பாதியானா தள்ளுறது கால்வாசிதான்."

"உன் கணக்கு உனக்கொரு புருஷனக் கொண்டு வரலை. என் தண்ணிய எடுக்க வந்துடுச்சு." பிறகு தாடையைச் சொறிந்தான். "சரி, அந்தத் தள்ளு மொத்தமா எந்த இடத்துல விழும்?"

முதல்முறையாக ஒருவன் ஒழுங்கான கேள்வி கேட்டுவிட்டான் என்று அவள் பூரித்துப்போனாள். "கீழேயிருந்து மூணுல ஒரு பங்கு. குந்தி உக்காந்தவன் தலை மட்டம்."

மறுநாள் காலை யாகோவோஸின் குரல் முற்றத்தைத் தாண்டி வந்தது. "ஸானி! அடியிலேருந்து பூசுடா தம்பி! அங்கதான் விரிசல் ஜாஸ்தி!"

ஸானிஸ் சாந்துச் சட்டியோடு துள்ளி எழுந்தான். அனெசினா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா, கேளு!"

"விடு! பதினோரு வருஷம் கழிச்சு அண்ணன் வாயத் தொறந்திருக்கான். நாங்க பேசிக்கிட்டா உனக்குப் பிழைப்பு போயிடும்னு பயமா?"

இறங்கினான். இரண்டாவது சட்டி சாந்து கேட்டு அவன் குரல் வரவில்லை. சுவர் விழுந்த சத்தம்தான் வந்தது. நாங்கள் கயிறு கட்டித் தூக்கினோம்.

சவத்தைக் கழுவ அனெசினா உட்கார்ந்தபோது, யாகோவோஸ் தானே இரண்டு வாளி இறைத்துவந்து வாசலில் வைத்தான்.

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ. ரெண்டு பக்கமும் பரவி இப்ப மட்டம் பாதிதான். நீ சொன்ன கால்வாசித் தள்ளுதான் இருக்கும்."

அவள் நிமிரவில்லை. துணியை அந்த வாளியிலேயே நனைத்தாள். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.