பூவாத்தாள் திட்டாமல் விட்ட பிள்ளை

கேரளத்து வேலந்தாவளத்துக்குத் தெற்கே, வரப்பு ஒன்றைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா என்கிற அந்த ஊரில், பூவாத்தாளிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. தண்ணீர்க் குடத்தைத் தளும்பவிட்டு நடப்பவளைத் திட்டுவாள். பஸ் பிந்தி வந்தால் கண்டக்டரைத் திட்டுவாள். அவர் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இவள் தமிழில் விடாமல் பிடித்துக்கொள்ள, கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தவள் ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்ததே அந்த வாயால்தான். தன் ஆள் என்று நினைப்பவர்களைத்தான் அவள் திட்டுவாள். ஊருக்கும் அது தெரியும்.

அவளுக்கென்று இருந்தது ஒரு செவலைப் பசு. அது சினையாக இருந்த சமயம், எழுபதுகளின் நடுவில், மழை ஏய்த்துவிட்ட ஒரு கோடை. பக்கத்து வீட்டுக் குப்பண்ணனின் மகள் மருதாத்தாளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தங்கள் மாடுகளோடு செவலையையும் சேர்த்து ஓட்டிப்போவது அவள் வழக்கம். மாடுகளுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலையில் செவலையை அவிழ்த்துக் கொடுத்த பூவாத்தாள், சினை மாட்டை இப்படிக் காயப்போட்டால் என்ன ஆவது, இன்றைக்கும் வயிறு நிரம்பாமல் கொண்டுவந்தால் வீட்டுப் பக்கமே வராதே என்று திட்டி அனுப்பினாள். வழக்கமான திட்டுதான்.

மத்தியானத்துக்கு மேல் செவலை அறுத்துப்போட்ட சோளக்காட்டில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கருது அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் இளஞ்சோளம் வெயிலில் வாடினால் விஷமாகிவிடும். அந்தப் பக்கத்தில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். கருப்பட்டியைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றிப் பார்த்தார்கள். மிருகாசுபத்திரிக்கு ஆள் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாடு எப்போது உள்ளே போனது என்று தான் பார்க்கவில்லை என்றாள் மருதாத்தாள்.

பூவாத்தாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயம். குப்பண்ணன் செவலைக்கு ஈடாகத் தன் கிடேரியை ஓட்டிவந்து வாசலில் நின்றபோதும், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குப்பண்ணன் வீட்டாரை அவள் அதற்குப் பிறகு திட்டவே இல்லை. ஊரார் அதைப் பெருந்தன்மை என்றார்கள். ஊராருக்கு எதையாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

மருதாத்தாள் படுத்துவிட்டாள். உறவுக்காரர்கள் வந்து, மாடு தானாகப் போய்த் தின்றதற்கு நீ என்ன பண்ணுவாய், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தலையைத் தடவினார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முதலில் சொல்வது இந்தப் பொய்யைத்தான். தடவத் தடவ அந்தப் பெண் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனாள்.

கடைசியில் அவள் அம்மா கமலாத்தாள் பூவாத்தாளின் வீட்டுக்கு வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பிள்ளை சோறு தின்பதில்லை, கிணற்றுப் பக்கம் தனியாக விடவே பயமாக இருக்கிறது என்று சொன்னாள்.

"ஒருக்கா வந்து, உம்மேல தப்பில்லைன்னு நீங்க சொல்லிப்போடுங்க்கா. நீங்க சொன்னாத்தான் நம்புவா."

பூவாத்தாளுக்குப் போகப் பிடிக்கவில்லை. செவலை நின்ற கட்டுத்தறி காலியாகக் கிடந்தது; அதை இன்னும் கூட்டாமல் வைத்திருந்தாள். அந்த வீட்டுப் படியேறிப் போய் அந்தப் பெண்ணுக்கே ஆறுதல் சொல்வதா என்று மனசு கசந்தது. ஆனாலும் கிணறு என்ற சொல் அவளை உட்காரவிடவில்லை.

மருதாத்தாள் பாயில் முதுகு காட்டிப் படுத்திருந்தாள். கமலாத்தாளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு பூவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உம்மேல தப்பில்லை கண்ணு என்று சொல்லிப் பார்த்தாள். தன் குரலே தனக்கு யாரோ பேசுவதுபோல இருந்தது.

அந்தப் பெண் திரும்பாமலே சொன்னாள். "மாடு தானாப் போகலீங் பெரிம்மா. நாந்தான் சோளக்காட்டுப் படலத் தொறந்து உட்டேன்."

பூவாத்தாள் பாயை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"வயிறு ஒட்டிக் கெடந்துச்சுங். சினை மாடாச்சேன்னு அதை மட்டும் உட்டேன். மொத நாள் தூறல் போட்டுச்சு, வெசம் எறங்கியிருக்கும்னு நெனச்சுப்போட்டேன். அப்பன்கிட்டச் சொல்ல வாய் வருலைங்."

பூவாத்தாள் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். போனவள் நின்றாள். திரும்பி வந்து ஆரம்பித்தாள்.

"ஏண்டி, மண்ணு மேலாப்புல நனைஞ்சா வெசம் எறங்கீருமா? ஒரு கட்டையப் புடுங்கி வேரு நனைஞ்சுதான்னு பாத்தியா? நாலு எழுத்துப் படிச்சதும் ஊர்ல இருக்கறவீக சொன்னதெல்லாம் மறந்துபோச்சா? செஞ்சதும் செஞ்சுபோட்டுப் பொய் வேற. என்ற செவலையக் கொன்னுபோட்டு இங்க சோறு திங்காமப் படுத்துக் கெடந்தா ஆச்சா?"

நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடைத்துவைத்தது அத்தனையும் வந்தது. மருதாத்தாள் எழுந்து உட்கார்ந்து திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை பொங்கியது, மாடு செத்த நாளிலிருந்து வராத அழுகை.

"வயிறு ரொம்பாமக் கொண்டாந்தா ஊட்டுப் பக்கம் வராதன்னு சொன்னேனே, அதுக்குப் பயந்து..." என்று திட்டிக்கொண்டே போன பூவாத்தாள், தான் சொல்வதைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"தப்புத்தான் அம்முணி. இல்லைன்னு எவ சொன்னாலும் நம்பாத. ஆனா நீ கொல்லோணும்னு பண்ணுல. மாட்டுக்குப் பசிக்கிதேன்னு பண்ணுன. ரெண்டும் ஒண்ணில்ல."

"எங்கூடப் பேசவே மாட்டீங்கன்னு நெனச்சேனுங்."

"பேசாம எங்க போறது? எந்திரி. உங்கப்பன்கிட்ட நீதான் சொல்லோணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

குப்பண்ணன் கேட்டுவிட்டுக் கையை ஓங்கினார். பூவாத்தாள் நகராமல் நின்றாள். அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே போய்விட்டார். அன்றைக்கு மருதாத்தாள் கொஞ்சம் சோறு தின்றாள். பூவாத்தாள் வீட்டுக்கு வந்து கட்டுத்தறியைக் கூட்டினாள். கூட்டும்போது அழுதாள்.

மறுநாள் காலையில் மருதாத்தாள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். பழக்க தோஷத்தில் பூவாத்தாளின் வாசலில் நின்றுவிட்டாள். மாடுகளும் நின்றன. வெளியே வந்த பூவாத்தாள், அவிழ்த்துவிட ஒன்றும் இல்லாத கையோடு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். போகும் வழியில் அந்தச் சோளக்காட்டை அவள் தாண்டியாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

பூவாத்தாள் உள்ளே போய்த் தூக்குப்போசியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். "நட" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க, மாடில்லாத பூவாத்தாள் மாடு மேய்க்கப் போய் வந்துகொண்டிருந்தாள்.