பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர்

தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தலை நரைத்ததே பிளம்பர் வேலையில்தான். ஆனால் சொந்தக் குளியலறையில் கசிந்த குழாயை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் படுக்கையறைச் சுவரே ஊறிப்போனது. வீட்டை விற்கும் நேரத்தில் ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்து, பீரோவை இழுத்து வைத்து மறைத்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. நீங்க பீரோவுல மறைக்கிறீங்க," என்றாள் மனைவி.

வீடு பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவன் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தான். பீரோவை நெருங்கியபோது இவர் முந்திக்கொண்டார்.

"பீரோவை எடுத்துட்டுப் போகல. நீங்களே வச்சுக்கோங்க," என்று உளறிவிட்டார்.

"பெரிய மனசுண்ணா உங்களுக்கு," என்றாள் அந்தப் பெண். பிறகு கணவனிடம், "சுவத்தை எதுக்குத் தட்டுறீங்க? பிளம்பர் வீட்டுல தண்ணிப் பிரச்சினை இருக்குமா? அதுக்குத்தானே இந்த வீட்டையே தேடி வந்தோம்," என்றாள்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையை நீட்டினார். முன்பணம் கைமாறியது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் திரும்பினாள். "உங்க நம்பர் சொல்லுங்கண்ணா. நாளைக்கு எங்கயாவது ஒழுகினா உங்களைத்தானே கூப்பிடணும்."

ஊருக்கே மனப்பாடமான நம்பரைச் சொன்னார். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னார்.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், "கடைசி எண் ஏழு இல்லம்மா, ரெண்டு. குறிச்சுக்கோ, தேவைப்படும்," என்றாள்.