மரியதாஸ் கழுவிய இலைகள்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை. யார்டு கேட்டில் நின்று கன்டெய்னர் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். மரியதாஸின் போனிலிருந்து அழைப்பு வந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பேசியிருந்தார். திங்கட்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அதற்காகத்தான் மறுபடியும் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன். பேசியது வேறு குரல்.

“நைனா, நீ யாருன்னு தெர்ல. இந்தப் போன்ல கடைசியா உனக்குத்தான் பேசிகிறாரு. டோல்கேட்டாண்ட வண்டிய ஓரங்கட்டிட்டு அப்டியே குந்திட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டேன். ஒடனே வா.”

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தேழு வயது. போன் செய்த ஆட்டோக்காரர் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. “இதுவும் அவுருதுதான். உள்ள தழையும் காயுமா கீது. நாட்டு மருந்து எதுனா விக்கிறவரா?” என்று கேட்டார். திறந்து பார்த்தேன். சவுக்குக் காய்கள், பூவரசு இலைகள், நாலைந்து சிப்பிகள். கிறிஸ்துமஸுக்கு வீட்டு முன்னறையை அலங்கரிக்க அவர் பொறுக்கிச் சேர்த்தவை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் பையை மூடி வாங்கிக்கொண்டேன்.

அதைவிடக் கடினமான வேலை மிச்சமிருந்தது. அவர் மனைவி செலினிடம் போய்ச் சொல்ல வேண்டும். செலினுக்குப் பல வருஷமாக வீசிங். எங்கள் பக்கத்தில் அது தெருவுக்கு நாலு வீட்டில் உண்டு. ஆனால் செலினுக்கு வந்தால் ஆளையே உலுக்கி எடுத்துவிடும். சேதியைக் கேட்ட அதிர்ச்சியில் அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தோடுதான் எர்ணாவூரில் அவர்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தவர், “இன்னா பாய், இந்நேரத்துல? அவரு வெளியில போய்கிறாரே” என்றார். ஜன்னலோரம் இருந்த இன்ஹேலரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். செலின் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு முறை மருந்தை இழுத்தார்.

“எங்க பாய் கீறாரு?”

“ஆஸ்பத்திரியில தங்கச்சி.”

“உசுரு கீதா?”

“இல்லம்மா.”

செலின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவதற்குக் கூட மூச்சு தேவைப்படுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

யார்டில் அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் ஃபோர்க்லிஃப்ட் மரியதாஸைத் தெரியும். கண்ணாடிப் பெட்டி இறக்க வேண்டும் என்றால் அவரைத்தான் தேடுவோம். ஹாரன் அடிக்காமல், வாயால் “ஓரம், ஓரம்” என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர். டீ நேரத்தில் யாரையாவது கிண்டல் செய்யாமல் இருக்க மாட்டார். அவருடைய வீட்டு முன்னறையைப் பார்த்தவர்கள் நம்மில் சிலர்தான். எனக்கு அந்த மரியதாஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவரும் எல்லோரையும் போலத்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். பாரிமுனையிலிருந்து ஜிகினாத் தோரணம், தெர்மாகோல், கலர் பவுடர் எல்லாம் வாங்கி வருவார். ஒரு வருஷம் குடில் பெரிதாக இருக்க வேண்டும் என்று மாதவரத்திலிருந்து இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்து முன்னறையில் பரப்பினார். அன்று சாயங்காலமே செலினுக்கு இழுப்பு கண்டது. உதடு நீலம் பாய்ந்து, ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தவரை அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்கள். பண்டிகைக்கு இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது மரியதாஸ் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் இன்னும் வைக்கோல் ஒட்டியிருந்தது. “நானே அவ கழுத்தப் புட்ச்சி நெரிச்ச மாரி கீது பாய்” என்றார். டாக்டர் தூசி, புகை, வாசனை எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

மறு வருஷம் மரியதாஸ் அந்த அறையில் எதுவுமே வேண்டாம் என்று முடிவு செய்தார். செலின் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை மரியதாஸ் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்: “கோயிலுக்கும் கூட்டத்துல போவ முடியல. வூடும் ஆஸ்பத்திரி மாரி வெறிச்சுன்னு இருந்தா, எனக்கு எப்பதான் பண்டிக?”

அதற்குப் பிறகுதான் மரியதாஸ் இலை பொறுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் பக்கம் போவார். கிளிஞ்சல், சிப்பி, மணல், சவுக்குக் காய், அடம்பங்கொடி. திரும்பி வந்து மொட்டை மாடிக் குழாயடியில் உட்காருவார். ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்து, நாலு தண்ணீர் மாற்றிக் கழுவுவார். மணலையே கழுவியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கழுவியதை வேட்டியால் மூடி நிழலில் உலர்த்துவார். அது நேராக அறைக்குள் போகாது. ஒரு நாள் முழுக்க வாசற்படிக்கு வெளியே இருக்கும். “அவ தும்முனா திரும்ப மாடிக்கு. தும்மலன்னா உள்ள வரும். அவதான் பாய் ஆபீசரு, கேட் பாஸ் குடுக்கணும்” என்பார்.

முதல் தடவை அந்த அறைக்குள் நுழைந்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு தாம்பாளத்தில் வெள்ளை மணல். அதன் மேல் சிப்பிகளுக்கு நடுவே களிமண் குழந்தை. ஜன்னல் கம்பிகளில் பூவரசு இலைகளைக் கோத்த சரம். குருத்தோலையை மடித்து மடித்து ஒரு நட்சத்திரம். அதற்குள் சின்ன பல்பு. அதன் வெளிச்சம் ஓலை வழியாக இளமஞ்சளாய் வந்து சுவரில் விழுந்தது. செலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுப்புடவை கட்டியிருந்தார். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. மரியதாஸ் வந்தவர்களைப் பார்க்காமல் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் ஒரு தப்பு செய்தேன். அதற்கடுத்த வருஷம் ஆசையாக ஒரு பெரிய நட்சத்திரம் வாங்கிக்கொண்டு போனேன். தொட்டால் விரலில் ஒட்டும் ஜிகினா. மரியதாஸ் வாசலிலேயே மறித்தார். “உள்ள வாணாம் பாய்” என்றார். பலர் முன்னிலையில் சொன்னது எனக்குச் சுருக்கென்றிருந்தது. கேக் கூடச் சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் யார்டில் முகம் கொடுக்கவில்லை. அவரே ஃபோர்க்லிஃப்டை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, “இன்னா மாமு, கோவமா? உன் ஸ்டார மொட்ட மாடிக் கம்பத்துல கட்டிகிறேன். எங்கூட்ல நாங்க ரெண்டு பேர்தான் பாத்திருப்போம், இப்ப எர்ணாவூரே பாத்துகினு கீது” என்றார். சிரித்துவிட்டேன். வேலை முடிந்ததும் அவரோடு போய் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன்.

ஒரு டிசம்பரில் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது உங்களுக்கு நினைவிருக்கும். படகு, வலை, மரம் எல்லாவற்றிலும் கறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ் நெட்டுக்குப்பத்துக்குப் போய் வெறும் கையோடு திரும்பினார். நேராகத் தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். செருப்பில் ஒட்டியிருந்த எண்ணெயைக் காட்டி, “எத்தினி தண்ணி ஊத்திக் கழுவுனாலும் இது போவாது பாய். அந்த நாத்தமே அவளுக்கு ஆவாது. கடலே நோவுல படுத்துகினு கீது, அதுங்கிட்ட போயி நான் இன்னா கேக்கறது?” என்றார். வலை வீச முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்த நண்பர்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். என் மனைவி ரஹீமா மாடிக்குப் போய், தொட்டியில் வளர்த்த எலுமிச்சையிலிருந்து பாதிக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் அந்த அறையில் எலுமிச்சை இலைகள் மட்டும்தான். செலின் ஒரு தும்மல் கூடப் போடவில்லை என்று மரியதாஸ் ரஹீமாவுக்குப் போன் செய்து சொன்னார்.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். ஆட்டோக்காரர் கொடுத்த பையைச் செலினிடம் ஒப்படைத்தேன். அவர் திறந்து பார்க்கவில்லை. “கழுவாத எல பாய். இத்த இனிமே யாரு கழுவப் போறா? அவரோடயே போவட்டும்” என்றார். பெட்டியை மூடுவதற்கு முன் மரியதாஸின் காலருகில் அதை வைத்தோம்.

துக்க வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். தெரிந்தும் எனக்கு மனம் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை நானும் ரஹீமாவும் எலுமிச்சைக் கிளைகளை எங்கள் வீட்டிலேயே நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். முன்னறையில் ஒரு மேஜை, அவர் படம், மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஒரு சின்ன பல்பு. அவ்வளவுதான். ரஹீமா கிளைகளை நீட்டினாள். செலின் வாங்கிக்கொள்ளவில்லை.

“தப்பா நெனச்சிக்காதீங்க அக்கா. அவரு கழுவுனா எனக்குப் பயமில்ல. வேற யாரு எத்தினி தபா கழுவுனேன்னு சொன்னாலும், எனக்கு நெஞ்சு அடைக்குற மாரியே இருக்கும்.”

ரஹீமா கிளைகளை மறுபடி பைக்குள் வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ கேரல் பாட்டு போட்டிருந்தார்கள். போய் வருகிறோம் என்று எழுந்தோம். எங்களை வழியனுப்ப வாசல் வரை வந்த செலின் நின்றார். “அக்கா, ஒண்ணே ஒண்ணு குடுங்க” என்றார்.

சமையலறைக் குழாயடியில் நின்று அவரே கழுவினார். ஓர் இலை, அதன் முன்பக்கம், பின்பக்கம். இடையில் மூச்சு வாங்க நின்றார். நான் உதவப் போனேன். ரஹீமா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு கிளையைக் கழுவி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அதைக் கொண்டுபோய் மரியதாஸின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது தடையில்லாமல் வந்தது. அப்போதுதான் செலின் வாய்விட்டு அழுதார். மரியதாஸ் இறந்த நாளில் அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதார்.

நாங்கள் கிளம்பும்போது செலின் ஒன்று சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் மரியதாஸ் என்னிடம் சொல்லாதது. யார்டிலிருந்து வரும்போது அவர் ஒருநாளும் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்ததில்லையாம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, அதைக் கழற்றிச் சுருட்டி ஒரு கவரில் போட்டுக் கட்டி, வண்டிப் பெட்டியில் வைத்திருந்த துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டுதான் மேலே ஏறுவாராம். “மேல் வூட்டுக்காரங்க சிரிப்பாங்க. ‘சிரிக்கட்டும், அவங்களுக்கு மூச்சு ஃப்ரீயா கீது’ன்னு சொல்லுவாரு” என்றார் செலின்.

மரியதாஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். இப்போது வாரத்துக்கு ஒருமுறை வேலை முடிந்து செலினைப் பார்க்கப் போகிறேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கிறேன். யார்டின் தூசியைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறுகிறேன்.