அருவிச் சத்தத்தில் பார்த்த வீடியோ

குழல்வாய்மொழியின் கணவன் சொரிமுத்து, புளியறை சோதனைச்சாவடியில் லாரியை விட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்; எழவேயில்லை. கையிலிருந்த போனும் நொறுங்கியது. அதிலிருந்த மெமரி கார்டு மட்டும் தப்பியது. விதி அந்தப் பாவிமகளுக்கு விட்டுவைத்தது அந்த நகமளவு கார்டைத்தான்.

அதில் மகள் ஸ்வாதியின் வளைகாப்பன்று எடுத்த வீடியோ இருந்தது. வாழ்ந்த காலமெல்லாம் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், அன்றைக்குக் கூட்டத்தின் நடுவே நின்று சிரித்தபடி சொல்கிறான்:

"ஏட்டி மொழி, இங்கன வந்து நில்லு. நீ இல்லாம எனக்கு என்ன போட்டோ."

அந்தக் குரலில்தான் அவள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அவளுடைய பழைய போனில் வீடியோ நின்று நின்று ஓடியது. பாதிச் சிரிப்பில் அவன் உறைந்துபோவான். தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் துல்கர்னைனிடம் கொண்டுபோனாள். அவர் கம்ப்யூட்டரில் போட்டதும் குரல் தங்குதடையில்லாமல் வந்தது. வீடியோ ரொம்பப் பெரிசு, இந்த போன் தாங்காது, சுருக்கி மாற்ற வேண்டும் என்றார். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்து தருவதாகவும் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல விட்டுட்டுப் போக மாட்டேன் தம்பி."

"அவர நான் என்னக்கா செய்யப்போறேன், புரோட்டாவா வாங்கிக் குடுக்கப்போறேன்?"

அவளும் சிரித்தாள். ஆனால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

வருஷத் திதி நெருங்கியது. அன்றைக்கு இறந்தவனின் துணிமணியைக் குற்றாலத்துத் தண்ணீரில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். கொழுந்தன் காந்திமதிநாதன் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணன் சாமானு ஒண்ணுகூட வீட்ல கெடக்கக்கூடாது மைனி. ஆத்மா அதுலயே தொங்கிக்கிட்டுக் கெடக்கும்."

கார்டும் அவன் சாமான்தானே? அதற்குள் குரலைத் தன் போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஐந்தருவியில் அவளுக்குப் பழக்கடை. திதியன்று காலை, கொழுந்தன் வரும்வரை, மங்குஸ்தான் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆப் தேடினாள். முதல் ஆப் வீடியோவைச் சுருக்கியது; ஆனால் தன் பேரைச் சொரிமுத்துவின் முகத்துக்குக் குறுக்கே எழுதிவிட்டது. செத்தவன் நெற்றியில் எவனோ கிறுக்கியது போலிருந்தது. அழித்தாள். இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது முகத்தைத் தொடவில்லை. இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டது. சில கட்டங்களைத் தொட்டால் வீடியோவின் அளவு குறைந்தது. குறைகிற பக்கமாகவே தொட்டுக்கொண்டு போனாள்.

ஓடியது. சொரிமுத்து எங்கேயும் உறையாமல் சிரித்தான், கையசைத்தான், உதடசைத்தான். போனைக் காதோடு ஒட்டிவைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அருவிச் சத்தத்தில் எதிரே நிற்பவர் விலை கேட்பதே காதில் விழாது. போன் எங்கே கேட்கும்? வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கொழுந்தன் வந்து கூப்பிட்டதும், கார்டை அவனுடைய காக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். சட்டை தண்ணீரில் விரிந்து, உப்பி, பாறையைச் சுற்றிக்கொண்டு போனது.

வீட்டில் மறுபடி போட்டாள். அதே சிரிப்பு. அதே உதடு. ஒலியை முழுக்கக் கூட்டினாள். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

துல்கர்னைன் வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்.

"சத்தத்த எடுத்துட்டுத்தான் சுருக்கியிருக்குக்கா. அந்தக் கார்டக் கொண்டாங்க, இப்பமே மாத்தித் தாரேன்."

"தண்ணியில விட்டுட்டேன் தம்பி."

அவர் போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

இப்போதெல்லாம் அவள் வீட்டில் அந்த வீடியோவைப் போடுவதே இல்லை. ஐந்தருவிக் கடையில் உட்கார்ந்து மட்டும் பார்க்கிறாள். அந்த இரைச்சலில், அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ள முடிகிறது.

இந்த வருஷம் சாரல் குறைவு. ஐந்து கிளையில் இரண்டில்தான் இப்போது தண்ணீர் விழுகிறது.