ஜப்பார் நானா போட்ட மைனஸ்

போன வாரம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தலை எண்ணும் வேலை!

பக்கத்து வீட்டு நிஜாமின் மகளுக்குக் கல்யாணம். காரைக்கால் வழக்கப்படி சஹன் விருந்து. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். வருகிறவர்களை எண்ணி நாலால் வகுத்துச் சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியவர்கள் ➕ போடவும். மற்றவர்கள் ➖."

இதில் என்ன குழப்பம் வரும்? வந்ததே...

ஒருவர் '✖️ 4' என்று போட்டார். நாலு பேர் வருகிறார்களா, நாலு பேரும் வரவில்லையா? பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் ➗ அனுப்பினார். விசாரித்தால், "எங்க வீட்டு மேடம் வருவாங்க, எனக்கு முட்டி வலி. பாதி பாதிங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே எண்ணினேன், ஜப்பாரின் ➖ வரும்வரை.

ஜப்பார், நிஜாமின் அண்ணன். நிஜாமுக்கு 'நானா'. மூன்று தெரு தள்ளி வீடு. பூர்வீக வீட்டின் பொதுச்சுவர்த் தகராறில் நாலு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நேரில் போய் அழைக்க நிஜாமுக்கு ரோஷம். குரூப்பில் சேர்த்ததோடு சரி.

"பாத்தீங்களா சார்? எம்புள்ள கல்யாணத்துக்கே வரமாட்டாராம்."

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"எதுக்குங்க? அதான் கழிச்சுட்டாரே."

அவர் கண் கலங்கியிருந்தது. நானாவது ஜப்பாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு ஆளைக் குறைத்துக்கொண்டு, மிச்சத்தை நாலால் வகுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் கழித்தல் குறிக்குக் கோபம் கிடையாது, வீம்பு கிடையாது. போனில் அது வந்தால் மட்டும் நாம் ஏன் அதற்கு ஒரு முகத்தை வரைகிறோம்? அதுவும், நாம் ஏற்கனவே பயந்துகொண்டிருக்கிற முகத்தை?

கல்யாணத்தன்று நிக்காஹ் முடிந்து, மதியம் முதல் பந்தி உட்கார்ந்தது. கையில் தண்ணீர்ச் செம்போடு ஒருவர் விருந்தாளிகள் கைகழுவ நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

ஜப்பார்!

நிஜாம் அப்படியே நின்றுவிட்டார். "நானா... நீங்க மைனஸ் போட்டீங்களே?"

"விருந்தாளியத்தானடா எண்ணச் சொன்னே? பொண்ணுக்குப் பெரியவாப்பா நானு. நான் விருந்தாளியா? வீட்டு ஆளுங்க நாம என்னைக்குடா முதல் பந்தில உக்காந்தோம்?"

ஜப்பார் அடுத்தவர் கைக்கு நீர் ஊற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

"குரூப்புல கூப்புட்டே பாரு, அந்தக் கோவம் எனக்கு இருக்கு. அத நாளைக்குப் பேசிக்குவோம். இப்பப் போயி வாசல்ல நில்லு, சம்பந்தி வூட்டு ஆளுங்க சாப்புட வர்றாங்க."

நிஜாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் மூன்று தெரு நடந்திருந்தால் நிஜாம் இத்தனை நாள் கலங்கியிருக்க வேண்டாமே!

கடைசிப் பந்தி. அண்ணனும் தம்பியும் ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். நான் மெல்லச் செருப்பைத் தேடினேன். ஊரையெல்லாம் எண்ணியவன், எனக்கு ஒரு ➕ போட மறந்திருந்தேன். சமையல்காரரிடம் சொன்ன கணக்கில் நான் இல்லை.

"கெளம்புறீங்களா சார்? சாப்டீங்களா?" என்றார் ஜப்பார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நகர்ந்து இடம்விட்டார்.

"எண்ணலைன்னா வீட்டு ஆளுன்னுதானே அர்த்தம்... உக்காருங்க!"