ஆரணியில் சாயம் போடாத ஒரு சிட்டம் பட்டு

ஆரணிக்குப் பட்டு வாங்கப் போகிறவர்களுக்கு இணையத்தில் குறிப்புகள் ஏராளம். லேசருக்கு அடியில் வைத்துப் பார்ப்பதற்காகப் பட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைப் போக்க 2007 ஆகஸ்டில் நான் போய்வந்த கதையை எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது பயன்படலாம்.

சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவன் நான். எங்கள் லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக விடும். ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு துடிப்பின் நீளம் கிடைக்கும். அவ்வளவு நெருக்கிய ஒளியில் இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்தாற்போல் ஒரு மூலக்கூறில் மோதும், அது மின்னும், நாங்கள் நுண்ணோக்கியில் பார்ப்போம். துடிப்புக்குள் இருக்கும் நிறங்களைப் பிரித்து, சிலவற்றைச் சற்றுத் தாமதப்படுத்தி, மீண்டும் சேர்த்து அனுப்பினால், இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் மின்னவைத்து மற்றதை இருட்டில் வைக்கலாம். வைக்கலாம் என்று கட்டுரைகள் சொல்கின்றன. என் மேசையில் நான்கு ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே மின்னின.

பட்டுக்கு இயல்பாகவே மங்கலான ஒரு மினுக்கம் உண்டு. அதன்மேல் நானே ஒரு சாயத்தைத் தடவி, சாயத்தை அணைத்துவிட்டுப் பட்டை மட்டும் காட்டுவது கடைசித் திட்டம். லேசரில் எனக்குக் கிடைத்தது ஒரு வாரம், திங்கள் காலை முதல். அதன்பின் அது வேறொரு குழுவுக்குப் போகிறது. திரும்பி வரும்போது என் உதவித்தொகை முடிந்திருக்கும். சாயமும் சோப்பும் படாத பட்டுநூல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு மூன்று மாதம் யோசித்துவிட்டு, எந்த நிறம் என்று கேட்டது. சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் நானே பேருந்து ஏறினேன்.

காஞ்சிபுரம், செய்யார் வழி. ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். செய்யாரில் தொழிற்பேட்டை ஷிப்டு மாறும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் ஆரணி என்றதும் கேட்டார்: "பொடவை எடுக்கவா?"

"இல்லைங்க, நூல்."

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லைங்க. ஆராய்ச்சி."

"சரி சரி, சொல்லத் தோணும்போது சொல்லுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதி நண்பன் சொல்லிவிட்டிருந்த நெசவாளர் தனபால், சந்தைக்குப் பின்தெருவில் இருந்தார். தறிக்குழிக்குள் இருந்தபடியே என் தேவையைக் கேட்டுக்கொண்டார். நான் ஐந்து நிமிடம் விளக்கினேன்.

"அதாவது லைட் அடிச்சிப் பாக்கப் போறீங்க."

"கிட்டத்தட்ட."

"டியூப்லைட் இங்கயே இருக்குது. பாத்துக்கினு போங்களேன். எதுக்கு அவ்ளோ தூரம் தூக்கிகினு போறீங்க?"

அவர் மனைவி குமுதா உள்ளேயிருந்து ஒரு சிட்டம், அதாவது ஒரு நூல்கற்றை, கச்சாப் பட்டு கொண்டுவந்தார். மீதியெல்லாம் காலையிலேயே சாயப்பட்டறைக்குப் போய்விட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்றார். நான் ரப்பர் கையுறை மாட்டினேன். தெருவில் நின்ற மூன்று பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கையில எதுனா புண்ணுங்களா?" என்றார் குமுதா.

"இல்லைங்க. நூல்மேல எதுவும் படக்கூடாது. சாயம், சோப்பு, எண்ணெய், எதுவுமே."

"எதுவும் படாதுங்க. நான் பாத்து கட்டித்தரேன்."

காசு நீட்டினேன். நல்ல காரியத்துக்குப் போகிற நூல், சும்மா கொண்டு போங்க என்றார் தனபால். எந்த நல்ல காரியம் என்று கேட்டிருக்க வேண்டும். பசியில் கேட்கவில்லை.

திரும்பும்போது வேலூர் வழி போகலாம் என்று கண்ணமங்கலம் பேருந்தில் ஏறினேன். செய்யார் வழிக்கு இரண்டு மணி நேரம் வண்டி இல்லை. கண்ணமங்கலத்தில் ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். குமுதா கட்டித்தந்த உறையைத் திறந்தேன். சிட்டத்தின் ஒரு முனையில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில், ஈரமாய், கொழகொழவென்று மஞ்சள் பூசியிருந்தது.

பொதுத் தொலைபேசியில் தனபால் வீட்டு எண்ணுக்குப் போட்டுக் குமுதாவை அழைத்தேன்.

"எதுவும் படக்கூடாதுன்னு சொன்னேனேங்க."

"எதுவும் படலியே."

"மஞ்சள் இருக்குதே."

"அது மஞ்சள்தானேங்க. கல்யாணப் பட்டு மஞ்சள் வெக்காம வாசப்படி தாண்டுமா? வெக்கப்படறீங்கன்னு நாங்களும் கேக்கல."

மஞ்சளைப் பற்றி லேசர்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் லேசருக்கு அடியில் அதைப்போல் மின்னும் சமையல் பொருள் வேறு கிடையாது. நல்ல முனையை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் வரை உள்ள குண்டும் குழியுமான சாலை, ஈர மஞ்சளை ஒரு சிட்டம் முழுவதும் பரப்பத் தோதானது.

திங்கள் காலை முதல் படம் எடுத்தேன். திரை முழுக்க மஞ்சள், மாரியம்மன் கோயில் திருவிழா போல. பட்டு எங்கே என்றே தெரியவில்லை. என் நெறியாளர் வந்து பார்த்தார். நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக என் மாதிரியில் பிரகாசமாக ஏதோ தெரிகிறது என்றார், பாராட்டு அல்ல. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. வேறு நூல் வாங்க நாளில்லை. வேறு வழியில்லாமல் என் சாயத்தை அலமாரியில் வைத்துவிட்டு, மஞ்சளையே சாயமாக வைத்துக்கொண்டு, துடிப்பின் நிறங்களைத் தாமதப்படுத்தி மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மஞ்சள் மங்கத் தொடங்கியது. கணினி துடிப்பின் ஒவ்வொரு வடிவமாக முயல, திரை மெல்ல இருண்டது. அந்த இருட்டில், இழை இழையாக, பட்டு மட்டும் நின்றது. நான் நான்கு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்த ஜோடிகளெல்லாம் ஒரே நிறங்களுக்கு இணங்குபவை. மஞ்சள் பட்டிலிருந்து கொஞ்சம் விலகி நின்றிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நெறியாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த மஞ்சள் கடையில் வாங்கிய பொடியா, வீட்டில் இழைத்ததா என்று கேட்டார். ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுத வேண்டுமாம்.

அதனால் மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று.

"ஊட்டுல கல்லுல எழைச்சதுங்க" என்றார் குமுதா. "ஏன், காரியம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. மஞ்சளாலதான் ஆச்சு."

எதிர்முனையில் அவர் தறிப்பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது: "ஆயிடுச்சாம்." தறிச் சத்தம் நின்றது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். செய்யார் வழியிலேயே போய்த் திரும்புங்கள். நூல் கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எதுவும் படக்கூடாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மஞ்சள், குங்குமம், சந்தனம் என்று பெயர் சொல்லித் தடுங்கள். அல்லது தடுக்காதீர்கள். இதில் எனக்கே இன்னும் முடிவான கருத்து இல்லை. ஆனால் கையில் ஒரு கல்யாணத் தேதி இல்லாமல் ஆரணிக்குப் போகாதீர்கள். தனபாலும் குமுதாவும் முகூர்த்தத்துக்கு வர வேன் பேசிவிட்டார்கள். பெண் எந்த ஊர் என்று கேட்டு வாரம் ஒருமுறை தொலைபேசி வருகிறது.