கையளித்த வயலுக்குத் தண்ணீர்

கணினி இயங்குதளத்தின் கருநிரலில் வேலை செய்த காலத்தில், ஒரு பிழை என்னை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. நிரலின் ஒரு பகுதி, தான் பயன்படுத்திய நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த இடம் வேறொரு பகுதிக்குப் போய்விடும். பழைய பகுதியோ முகவரியை விடாமல் வைத்திருந்து மறுபடி அங்கேயே போய் எழுதும். கணினி அப்படியே நின்றுபோகும்.

கண்டுபிடித்ததும் எரிச்சல்தான் வந்தது. இது அப்பா வயலில் செய்த அதே வேலை.

அறுபதுகளில், கிளிநொச்சிக் குடியேற்றத்தில், எங்கள் வயலொன்றை அப்பா அயலவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். அடுத்த போகத்தில், பழைய பழக்கத்தில் விடிய எழும்பிப் போய், மண்வெட்டியால் வரம்பை வெட்டி அந்த வயலுக்குள் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அயலவர் முதல்நாள் விதைத்த நெல் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கியது.

“அண்ணை, அது இப்ப என்ர விதைப்பெல்லோ?” என்று அவர் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்.

“ஓம், தெரியும். கால் தன்ர பாட்டில அங்க போயிட்டுது,” என்றார் அப்பா.

“காணியைக் குடுத்திட்டு மண்வெட்டியை ஏன் வைச்சிருக்கிறியள்?” என்று அம்மா அதைப் பிடுங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தார்.

அம்மா செய்ததையே நானும் செய்தேன். இடத்தைக் கொடுக்கும்போதே முகவரியையும் அழித்துவிட ஒரு வரி சேர்த்தேன். கணினி பிறகு நிற்கவில்லை.

அப்பாவோ, அம்மா மண்வெட்டியை ஒளித்த மறுநாள் விடிய வெறுங்கையோடு போய், வரம்பைக் காலால் உடைத்துவிட்டு வந்தார்.